இருநூற்று எண்பது பவுண்டு

லோரன் ஹாக்ஸ்டாட் எடைக்குப் பேர்போன ஆள். இருபத்திரண்டு வருடமாகப் பால் லாரி ஓட்டுகிறான். மலைமுகட்டுப் பண்ணைகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு தொட்டியிலும் அளவுகோலை விட்டுப் பார்த்து, இத்தனை பவுண்டு பால் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவான். கூட எழுதினான், குறைத்து எழுதினான் என்று எந்தப் பண்ணைக்காரனும் இதுவரை முகம் சுளித்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் தன்னுடைய எடையைக் கேட்டால் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்வான். ஓட்டுநர் உரிமத்தில் இருநூற்று நாற்பது. அது கல்யாணத்துக்கு முன்னால் சொன்னது. புதுப்பிக்கும்போதெல்லாம் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான். குளியலறைத் தராசு முன்னூறுக்கு மேல் காட்டாது. அவன் ஏறினால் வெறும் கோடு மினுங்கும். தராசு கெட்டுப்போச்சு என்று சொல்லி அதைத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டான்.

இந்த செப்டம்பரில் அவனுக்கு உண்மையான எடை தேவைப்பட்டது. காரணம், அவன் மனைவி கோரின்.

கோரின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவாள். வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கிவிட்டால், வெங்காய வாசம் போகக் குளித்துவிட்டு, பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வில்லை எடுத்துக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை ஓக் மரத்துக்குப் போய்விடுவாள். இடுப்பையும் தொடையையும் சுற்றி ஒரு அகலப் பட்டை. சேணம் என்று பெயர். அதைக் கட்டிக்கொண்டு, மரத்தில் பட்டையால் இறுக்கிய சின்னச் சின்ன இரும்புப் படிகளில் இருபதடி ஏறி, கயிற்றில் சாய்ந்து, கால்தட்டில் பாதத்தை ஊன்றியபடி இருட்டுகிற வரைக்கும் தொங்கிக்கொண்டிருப்பாள். மான் வந்தால் வரும். வராவிட்டாலும் அடுத்த நாளும் போவாள்.

லோரன் காலை இரண்டு மணிக்கு எழுகிறவன். ஐந்தரைக்குச் சாப்பிட்டு ஆறரைக்குப் படுத்துவிடுவான். பருவத்தில் பாதி நாள் அவள் திரும்பி வருவதே அவனுக்குத் தெரியாது. எழுந்திருக்கும்போது பக்கத்தில் அவள் தலைமுடியில் ஓக் இலையின் வாசம் அடிக்கும். அதை முகர்ந்துவிட்டு வேலைக்குப் போவான். ஒரே வீட்டில் இரண்டே பேர், அதிலும் ஷிப்டு மாற்றிக்கொள்கிற தொழிலாளிகள் போல.

ஞாயிற்றுக்கிழமை கேட்பான். "நேத்து என்ன பாத்த?"

"ஒண்ணும் இல்ல."

"மூணு மணி நேரமா ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல, லோரன்." அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். அந்த ஒண்ணும் இல்லாததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பார்க்க வேண்டும் என்று லோரன் ஏங்கினான். வருடக்கணக்காக ஏங்கினான். ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். தட்டில் கடைசித் துண்டு கேக் மிஞ்சினால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதியை வெட்டி எடுப்பார், அடுத்தவர் மிச்சத்தில் பாதி, கடைசியில் சுண்டு விரல் அளவுக்கு ஒன்று காய்ந்து கிடக்கும். வேண்டும் என்று சொல்வதற்கு அவ்வளவு வெட்கம். லோரனுக்கு அந்த வெட்கத்தோடு உடம்பின் வெட்கமும் சேர்ந்துகொண்டது. தன்னைப் போல ஒரு ஆள் கயிற்றில் தொங்குவதை நினைத்தாலே அவனுக்குக் காது சிவந்துவிடும்.

இந்த வருடம் அவனுக்கு ஐம்பது முடிந்தது. அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று, சட்டியிலிருந்தே கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இன்னும் இப்படி எத்தனை பருவம் என்று தோன்றியது. மறுநாளே தீர்மானித்துவிட்டான். அவளிடம் சொல்லாமல் வாங்கி, சொல்லாமல் பழகி, ஒரு நாள் மரத்தடியில் போய் நிற்பது என்று.

எடைக்கு அவன் செய்த காரியம் பால் லாரிக்காரன் மட்டுமே செய்யக்கூடியது. பாலாடைக்கட்டி ஆலையில் பாலை இறக்கிவிட்டு, காலி லாரியை எடைமேடையில் நிறுத்தினான். உட்கார்ந்தபடி ஒரு எடை. கீழே இறங்கி நின்று ஒரு எடை.

ஜன்னல் வழியாக மெர்லின் தலை நீண்டது. ஆலையில் எடைச்சீட்டு போடுகிறவர். "என்னடா, ரெண்டு சீட்டு கேக்குற?"

"சும்மாதான். மேடை சரியா காட்டுதான்னு பாக்கத்தான்."

மெர்லின் இரண்டு சீட்டையும் பார்த்தார், லோரனின் வயிற்றைப் பார்த்தார். "மேடை சரியாத்தான் இருக்கு. முன்னூறு பவுண்டு கீழ இறங்கிருச்சு."

முன்னூறு. சொன்னால் மானம் போகாத எண் என்று லோரனுக்குப் பட்டது. சரியாக முன்னூறு வரை தாங்கும் சேணங்கள் கடையில் நிறையக் கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். சந்தோஷமாக விசிலடித்துக்கொண்டே ரெனாட்டா யிரிக்கின் கடைக்குப் போனான்.

பழைய வெண்ணெய்க் கூடத்தில் இருக்கிறது அந்த வில் கடை. ரெனாட்டாவுக்கு அறுபது வயது, ஒல்லிக்குச்சி உடம்பு, யாருக்கும் வளைந்து கொடுக்காத நாக்கு. அவள் விற்ற படியிலிருந்து இதுவரை யாரும் விழுந்ததில்லை. அதற்குக் காரணம், விழுந்துவிடுவான் என்று தோன்றுகிறவனுக்கு அவள் விற்பதே இல்லை.

"வாப்பா லோரன். கோரினுக்கு அம்பு வேணுமா?"

"இல்ல. எனக்கு. சேணம்."

ரெனாட்டா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளினாள். சிரிக்கவில்லை. அதற்காகவே லோரனுக்கு அவள் மேல் மதிப்பு வந்தது. "எவ்ளோ இருக்க?"

"முன்னூறு."

"எதுல நிறுத்த?"

லோரன் சொன்னான். அவள் மேசையில் கையைத் தட்டிச் சிரித்தாள். "அட நல்ல மனுஷா! அது இருபது இருபதா எண்ணுற தராசு. போற வழியில இருபதை முழுங்கிட்டாக்கூட யாருக்கும் தெரியாது. வைக்கோல் கட்டு நிறுக்கிற தராசுல காப்பித்தூள் நிறுத்த கதையா இருக்கு. சரி, கால்ல என்ன போட்டிருந்த?"

"ரப்பர் செருப்பு."

"மரத்துக்கும் அதோடதான் போவியா? பூட்ஸ், குளிர்ச்சட்டை, பை, தண்ணி, வில்லு, அதெல்லாம் அந்தரத்துல உன் பின்னாலயே பறந்து வருமா? தொங்குறது எல்லாமே எடைதான். வா வெளியே."

வெளியே பெரிய மானுக்குப் பரிசு கொடுக்கிற போட்டிக்காக அவள் ஒரு இரும்புச் சட்டத்தில் தொங்குதராசு மாட்டி வைத்திருந்தாள். காப்பிக் கோப்பையும் கையுமாக நாலைந்து பேர் வண்டிகளில் சாய்ந்து நின்றார்கள். கடையிலிருந்த குளிருடுப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் லோரனுக்கு மாட்டி, ஒரு சேணத்தைக் கட்டி, கொக்கியில் கோத்து, காலைத் தூக்கு என்றாள் ரெனாட்டா. ஓடிவிடலாமா என்று லோரனுக்கு இருந்தது. வெள்ளை ஓக் மரத்தை நினைத்துக்கொண்டு காலைத் தூக்கினான். சட்டம் கிறீச்சிட்டது.

வண்டியிலிருந்து ஒருவன் கத்தினான். "ரெனாட்டா, இது குடல் எடுத்த எடையா, எடுக்காத எடையா?"

அங்கே மானின் எடையைச் சொன்னால் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். தொங்கிக்கொண்டே லோரன் பதில் கொடுத்தான். "எடுக்காததுடா! காலைல சாப்பிட்ட ஆறு முட்டையும் உள்ளதான் இருக்கு." சிரிப்பு இன்னும் பெரிதானது. ஆனால் இப்போது அது அவன் பக்கத்துச் சிரிப்பாக இருந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

"முன்னூத்தி இருபத்தாறு," என்றாள் ரெனாட்டா. "உன் எடை முன்னூத்தி பதினெட்டு, உடுப்பும் பூட்ஸும் எட்டு. பையும் வில்லும் ஒரு பதினஞ்சு. எல்லாம் சேத்து முன்னூத்தி நாப்பத்தி ஒண்ணு."

உள்ளே வந்து அவள் சாமான்களை மேசையில் பரப்பினாள். சேணம், அதன் முன்கயிறு, மரத்தைச் சுற்றும் கயிறு, படிகள், கால்தட்டு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"கயித்தைப் பாரு, ஆயிரக்கணக்குல போட்டிருப்பான். அதைப் பாத்து ஏமாந்துராத. இந்தச் சேணம் முன்னூத்தி அம்பது. படி முன்னூறு. கால்தட்டும் முன்னூறு. இதுல எது சின்ன நம்பரோ, அதுதான் உன்னோட நம்பர்."

"சேணம் மட்டும் சரிதானே? ஒம்பது பவுண்டு மிச்சம் இருக்கே."

"வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு ஒண்ணு போதும், அந்த ஒம்பதுக்கு. வேண்டாம்ப்பா. உன்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே தைக்கிறவங்க இருக்காங்க. சேணம், படி, தட்டு எல்லாமே நானூறுக்கு மேல தாங்கும். தட்டும் அகலம், பாதம் முழுசா நிக்கும். சேணம் தொடைய அறுக்காது, மூணு மணி நேரம் உக்காரணும்ல. ரெண்டு வாரம் ஆகும் வர. முதல் பருவம் வில்லே எடுக்காத. முழங்கால் உயரத்துல ஏறி இறங்கிப் பழகு. தரையை விட்டு காலெடுக்கும்போதே மரத்தைச் சுத்திக் கயிறு இருக்கணும், இறங்குற வரைக்கும் இருக்கணும். தெரியுதா?"

"தெரியுது."

துணிமேல் நாடாவைச் சுற்றி இடுப்பளவு எடுத்து, வாடிக்கையாளர் அட்டையில் எழுதினாள். அதைச் செருக அட்டைப் பெட்டியைத் திறந்தவள், கோரினின் அட்டை கையில் பட்டதும் நின்றாள்.

"ஆமா, அந்தப் பழைய செட் என்னாச்சு?"

"எந்தச் செட்?"

ரெனாட்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். தான் உளறிவிட்டது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அரைகுறையாக மழுப்புவது அவளுக்கு வராது. அட்டையைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். நாலு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் தேதி. சேணம் ஒன்று, படி நாலு, தட்டு ஒன்று. கணவருக்கு. எடை 280.

"அப்ப நான் இவ்ளோ கெடுபிடி இல்ல. அவ சொன்னதை எழுதிக்கிட்டேன். பை, வில்லு சேத்தாலும் முன்னூறுக்குள்ள வந்துரும்னு ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு வந்தா, திருப்பி எடுத்துக்குவீங்களான்னு. உசுரு தொங்குற சாமான், பிரிச்சிட்டா எடுக்க மாட்டேன்னுட்டேன். ஏன்னு கேட்டதுக்கு, அளவு தப்பாப் போச்சுன்னா. அதுக்கு மேல நான் கேக்கல."

லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் லோரனுக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். நீ இப்ப எவ்ளோ இருப்ப என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். எதுக்கு என்றான். சும்மா என்றாள். இருநூற்று எண்பது என்று சொன்னான். அதே மாதம்தான் ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனை நடந்தது. அதன் படிவத்தைக் கோப்பில் வைத்தது கோரின். அதில் டாக்டர் எழுதியிருந்த எண் முன்னூற்றுப் பன்னிரண்டு.

அவள் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிடவே சாமான் வாங்கி வைத்திருக்கிறாள். நாலு இலையுதிர் காலம் அவன் சமையலறையில் நின்றுகொண்டு சட்டியில் சாப்பிட்டது அந்த முப்பத்திரண்டு பவுண்டு பொய்யால்தான். லோரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான்.

அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். பெட்டியைத் தேட வெகுநேரம் ஆகவில்லை. கீழறையில், கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பின்னால் இருந்தது. படிகளைக் கயிற்றால் ஒழுங்காகக் கட்டி, சேணத்தை மடித்து வைத்திருந்தாள். அதைத் தூக்கி வந்து சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றான். மூன்று மணிக்குக் கோரின் உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். சாவியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"முன்னூத்தி பதினெட்டு," என்றான் லோரன். "பூட்ஸ் போட்டா முன்னூத்தி இருபத்தாறு. பையும் வில்லும் சேத்து முன்னூத்தி நாப்பத்தி ஒண்ணு. ரெனாட்டா கடையில, மான் தராசுல, எல்லாரும் பாக்கத் தொங்கினேன்."

"யார் யார் இருந்தா?"

"ஊர்ல பாதிப் பேரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அடக்கியதில் கண் நிறைந்துவிட்டது.

"ஏன் கோரின் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஃபாரத்தைப் பாத்துட்டேன், நீ புளுகிட்டேன்னா? அந்த நம்பரைச் சொல்லும்போது நீ அந்தத் தட்டை எவ்ளோ அழுத்தித் தேச்ச தெரியுமா? பூவே அழிஞ்சு போச்சு அதுல. அதுக்கு மேல கேட்டா உனக்கு வலிக்கும்னு விட்டுட்டேன். நீயே ஒரு நாள் கேப்பன்னு நெனச்சேன்."

"நீ கூப்பிடுவன்னு நான் நெனச்சேன்."

"நல்லாருக்கு," என்றாள் கோரின். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரெண்டு முட்டாளுங்க. நாலு வருஷம்."

அன்று அவள் ஓக் மரத்துக்குப் போகவில்லை. பழைய பெட்டியிலிருந்த சேணத்தின் பட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினாள், வேறு யாரும் தெரியாமல் எடுத்துக் கட்டிவிடக் கூடாதென்று. லோரன் வெட்டிய துண்டுகளைக் குப்பைப் பையில் போட்டான். வெட்டும்போது அவள் கை ஒரு இடத்தில் தயங்கியதை அவன் பார்த்தான். அந்தப் பட்டையின் உள்பக்கம், அவன் பெயரின் முதல் எழுத்தை அவள் பச்சை நூலால் தைத்திருந்தாள்.

"அதை மட்டும் எடுத்து வை," என்றான்.

புதிய சாமான்கள் அக்டோபர் இரண்டாம் வாரம் வந்தன. கோரின் ஒவ்வொரு சீட்டையும் தானே படித்துப் பார்த்தாள். முற்றத்து மேப்பிள் மரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு வாரம். கயிற்றைக் கழற்றாமல் படி மாற்றுவது, முடிச்சை நகர்த்துவது, பின்னால் சாய்ந்து முழங்காலை மரத்தில் முட்டுக் கொடுப்பது. முதல் நாள் லோரன் கயிற்றை நம்பாமல் மரத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

"மரத்தை விடு, உன்னைக் கட்டிக்கிட்டது அது இல்ல," என்றாள் கோரின்.

"விட்டா விழுந்துருவேன்."

"ஒரு அடிதான் லோரன். கட்டில்ல இருந்து நீ அதுக்கு மேலயே விழுந்திருக்க. உக்காரு."

உட்கார்ந்தான். கயிறு இறுகியது, நின்றது. தன் எடை முழுவதையும் ஒன்று அசையாமல் வாங்கிக்கொண்டதை அவன் முதுகு உணர்ந்தது. எத்தனையோ நாற்காலிகளில் அரை உடம்பைக் காலிலேயே தாங்கிக்கொண்டு உட்கார்ந்து பழகியவன் அவன். அப்படியே சாய்ந்திருந்தான். கோரின் அவசரப்படுத்தவில்லை.

மாதக் கடைசி சனிக்கிழமை, மறுநாள் லாரி ஓட்டும் வேலையை வேறு ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, நாலு மணிக்கு இருவரும் மேய்ச்சல் நிலத்தைக் கடந்து போனார்கள். சமையலறை விளக்கை ஏன் போட்டுவிட்டு வருகிறாய் என்று லோரன் கேட்டான். இருக்கட்டும் என்றாள். வெள்ளை ஓக்கின் அடிமரம் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற அளவு. அவனுடைய படிகளுக்குப் பக்கத்திலேயே அவளுடையவை. அவள் அவனை முதலில் ஏறவிட்டு, ஒவ்வொரு படியிலும் கீழிருந்து கயிற்றைப் பார்த்தாள். பதினைந்து அடி போதும் என்று நிறுத்தினாள். பிறகு தானும் ஏறி, அவன் தோளுக்குப் பக்கத்தில் தொங்கினாள். இரண்டு பேரின் முழங்கைகளும் உரசிக்கொண்டன.

மூச்சு அடங்க வெகுநேரமானது. ஓக் இலைகள் காய்ந்து பழுப்பாகி, ஒன்றிரண்டாக விழுந்துகொண்டிருந்தன. அவன் இத்தனை வருடம் விடியுமுன் முகர்ந்த வாசம் நாலு பக்கமும் இருந்தது. ஒரு அணில் வந்தது, போனது. கீழே வேலி ஓரத்தில் இரண்டு பெண் மான்கள் நடந்து வந்து ஓக் விதைகளைக் கொறித்தன. கோரின் வில்லைத் தொடவில்லை. லோரன் அவள் காதோரம் குனிந்தான்.

"ஏன் அடிக்கல?"

"உஷ். இன்னிக்கு வேண்டாம்."

வெளிச்சம் மெல்ல வற்றியது. மான்கள் ஓடைப் பக்கம் இறங்கின. அம்பு விட அனுமதித்த நேரம் முடிந்தும் அவள் இறங்கத் தொடங்கவில்லை. கிளைகளுக்கு இடையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போன இடத்தில் லோரனும் பார்த்தான். மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் அவர்கள் வீடு தெரிந்தது. சமையலறை ஜன்னல் மஞ்சளாக எரிந்தது. கழுவுதொட்டி, அதற்கு மேலே தொங்கும் கரண்டி, அவன் எப்போதும் நிற்கிற இடம், எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது போல் தெரிந்தது. லோரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இதையா?"

"ம். அஞ்சரைக்கு வருவ. நின்னுக்கிட்டே சாப்பிடுவ. சில நாள் ஜன்னல் கிட்ட வந்து இந்தப் பக்கமே பாப்ப, நான் இருக்கிறது தெரியாம. ஆறரைக்கு விளக்கு அணையும். அதுக்கப்புறம் இறங்குவேன்."

"ஒண்ணும் இல்லன்னு சொன்னியே."

கோரின் அவன் சேணத்தின் முன்கயிற்றைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு பேரும் லேசாக ஆடி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். கயிறு எதுவும் முனகவில்லை. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்குத்தான் லோரன்," என்றாள், "அங்க ஒண்ணும் இல்ல."